67.யானை சி6: டிரா ஆகவேண்டிய முடிவாட்டத்தில் இப்படி ஆடியது சரியா?

வெள்ளைக்கட்டம்

போன வாரம் ஓர் ஓப்பன் போட்டியில் ஆடிய ஆட்டம் இது. நேரம் 90 நிமிடம், நகர்வுக்கு 30 விநாடி கூடும். எனக்கு ரேட்டிங் 1480, எதிரில் இருந்தவருக்கு 1620. நான் வெள்ளை. ஜெயித்தது நான்தான். ஆனால் கை குலுக்கி எழுந்ததும், பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் "இதெல்லாம் ஜெயிக்கிற வழியா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அதிலிருந்து மனசு ஆறவில்லை. நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்.

தொடக்கம் காரோ-கான், பரிமாற்ற வகை (× என்றால் வெட்டு, + என்றால் செக், 0-0 என்றால் கோட்டை கட்டுதல்):

1.இ4 சி6 2.டி4 டி5 3.இ×டி5 சி×டி5 4.மந்திரி டி3 குதிரை சி6 5.சி3 குதிரை எஃப்6 6.மந்திரி எஃப்4 மந்திரி ஜி4 7.ராணி பி3 ராணி டி7 8.குதிரை டி2 இ6 9.ஜி1 குதிரை எஃப்3 மந்திரி×எஃப்3 10.குதிரை×எஃப்3 மந்திரி டி6 11.மந்திரி×டி6 ராணி×டி6 12.0-0 0-0 13.ஏ1 யானை இ1 ஏ8 யானை பி8 14.குதிரை இ5

இங்கே அவர் உடனே குதிரையை வெட்டியிருந்தால் ஆட்டம் அப்போதே முடிந்திருக்கும். 14...குதிரை×இ5 15.டி×இ5, ஒரே சிப்பாய் ராணியையும் எஃப்6 குதிரையையும் சேர்த்துத் தாக்கும். அவர் அதைப் பார்த்துவிட்டார். ராணியை சி7-க்கு நகர்த்திவிட்டு, கொஞ்சம் கழித்துத்தான் வெட்டினார். நான் டி சிப்பாயால் திரும்ப எடுத்தேன். அப்படி இ5-ல் வந்து உட்கார்ந்த சிப்பாய் கடைசி வரை அங்கேயே இருந்தது. நடுவில் எஃப்5 தள்ளி அவருடைய இ6-ஐ உடைத்தேன், ராணிகள் போயின, ஒரு சிப்பாய் அதிகம் கிடைத்தது, அப்புறம் மற்ற சிப்பாய்கள் எல்லாம் ஒவ்வொன்றாகக் காலி. அந்தப் பகுதியில் இரண்டு பேருமே பெருமைப்பட ஒன்றும் இல்லை, விட்டுவிடலாம்.

67-வது நகர்வுக்கு முன் நிலை:

வெள்ளை: ராஜா டி5, யானை சி7, சிப்பாய் இ5
கறுப்பு: ராஜா இ8, யானை ஏ6

இது ஃபிலிடோர் நிலை (யானையை ஆறாம் வரிசையில் நிறுத்தி டிரா எடுக்கும் பழைய தற்காப்பு) என்பது எனக்கும் தெரியும். யானையை ஏழாம் வரிசையில் இங்கும் அங்கும் நடத்திப் பார்த்தேன். அவர் யானை ஆறாம் வரிசையை விட்டு அசையவே இல்லை. சிப்பாயை இ6-க்குத் தள்ளினால் அவர் யானை முதல் வரிசைக்கு இறங்கிப் பின்னாலிருந்து செக் கொடுக்கத் தொடங்கும், ஆட்டம் டிரா. அது அவருக்குத் தெரியும் என்பது அதுவரை அவர் ஆடிய விதத்திலேயே தெரிந்தது. அதனால் இப்படி ஆடினேன்:

67.யானை சி6 யானை×சி6 68.ராஜா×சி6 ராஜா டி8 69.ராஜா டி6 ராஜா இ8 70.ராஜா இ6 ராஜா எஃப்8 71.ராஜா டி7, கறுப்பு தோல்வியை ஒப்புக்கொண்டார்.

என் கேள்வி: யானை சி6 நல்ல முயற்சியா, இல்லை மலிவான தந்திரமா? அவர் எங்கே தவறினார்?

எண்ட்கேம் பைத்தியம்

தவறு வெளிப்படை. 67...யானை×சி6. ஃபிலிடோர் நிலையில் யானைதான் உயிர். அதைக் கொடுத்து மாற்றிக்கொண்டு ராஜா-சிப்பாய் முடிவாட்டத்துக்குப் போனால் சிப்பாய் இல்லாதவன் தோற்பான். 18-ஆம் நூற்றாண்டிலிருந்து எல்லோரும் சொல்லிக்கொண்டு வருவது: ஆறாம் வரிசையில் நில், சிப்பாய் ஏறினால் பின்னால் போ. அவ்வளவுதான்.

ஏழாம்வரிசை

பைத்தியம் சார், அவசரப்படாதீர்கள். பலகையில் வைத்துப் பாருங்கள். யானை மாற்றம் தவறே இல்லை. சொல்லப்போனால் அங்கே டிரா எடுக்க மிகச் சுருக்கமான வழி அதுதான். தவறு அதற்கு அடுத்த நகர்வில்.

68.ராஜா×சி6 ஆனதும் நிலை: வெள்ளை ராஜா சி6, சிப்பாய் இ5, கறுப்பு ராஜா இ8, நகர்வு கறுப்புக்கு. போகக்கூடிய கட்டங்கள் நாலே நாலு: டி8, இ7, எஃப்7, எஃப்8. டி7-க்குப் போக முடியாது, அதை வெள்ளை ராஜா பார்த்துக்கொண்டிருக்கிறது. இந்த நாலில் இ7 மட்டும் டிரா. மற்ற மூன்றும் தோல்வி.

எண்ட்கேம் பைத்தியம்

சரிதான். இப்போது டேபிள்பேஸிலும் (சில காய்களே உள்ள நிலைகளுக்கு விடையை முழுக்கக் கணக்கிட்டு வைத்திருக்கும் தரவுத்தளம்) போட்டுப் பார்த்தேன். இ7 டிரா என்கிறது. முதல் பதிவை அழிக்கவில்லை, கிடக்கட்டும். ஆனாலும் ஒன்று கேட்கிறேன். யானையோடு ஆடத் தெரிந்தவன் எதற்காக ஒரே ஒரு கட்டம் மட்டும் காப்பாற்றும் நிலைக்குள் தானாகப் போக வேண்டும்?

குதிரைவால்

நான் புதுசு. இ7 ஏன் டிரா, டி8 ஏன் தோல்வி என்று யாராவது பொறுமையாகச் சொல்ல முடியுமா? எனக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரிகிறது. டி8-ல் நின்றாலும் ராஜா டி7-ஐத் தடுக்கிறதே?

ஏழாம்வரிசை

குதிரைவால், நல்ல கேள்வி. அந்தக் கறுப்பு ஆட்டக்காரரும் அநேகமாக அப்படித்தான் நினைத்திருப்பார். டி7-ஐத் தடுப்பது முக்கியம் இல்லை, டி6-ஐத் தடுப்பதுதான் முக்கியம். இ5-ல் இருக்கும் சிப்பாய்க்குத் துணையாக வெள்ளை ராஜா ஆறாம் வரிசையில் டி6, இ6, எஃப்6 ஆகிய மூன்றில் ஒன்றில் கால் வைத்துவிட்டால், நகர்வு யாருக்கு என்பதே முக்கியமில்லை, வெள்ளைக்கு வெற்றி. டி8-லிருந்து டி6-ஐத் தொட முடியாது. இ7-லிருந்து தொடலாம்.

ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

டி8: 69.ராஜா டி6. இப்போது கறுப்பு நகர வேண்டும். இ8-க்குப் போனால் வெள்ளை ராஜா இ6-க்கு நேர் எதிரே வந்து நிற்கும். கறுப்பு டி8-க்குப் போனால் ராஜா எஃப்7, எஃப்8-க்குப் போனால் ராஜா டி7. எப்படியும் சிப்பாய் கடைசி வரை நடந்து ராணியாகிவிடும். 69...சி8-க்குப் போனால் 70.ராஜா இ7, கறுப்பு ராஜா ஓரங்கட்டப்பட்டுவிட்டது. ஒன்றை மட்டும் கவனியுங்கள். 69...ராஜா இ8-க்கு வெள்ளை 70.இ6 என்று அவசரப்பட்டுத் தள்ளினால் 70...ராஜா டி8 71.இ7+ ராஜா இ8 72.ராஜா இ6 ஸ்டேல்மேட் (செக் இல்லை, நகரவும் வழியில்லை, அதாவது டிரா)! ராஜாவை முதலில் முன்னே கொண்டுபோக வேண்டும், அப்புறம்தான் சிப்பாய். வெள்ளைக்கட்டம் இதைச் சரியாகச் செய்திருக்கிறார். யாரும் பாராட்டாததால் நான் பாராட்டிவிடுகிறேன்.

எஃப்7, எஃப்8: இரண்டுக்கும் 69.ராஜா டி7 போதும். அந்த ராஜா அங்கேயே நின்று இ7, இ8 இரண்டையும் காக்கும், சிப்பாய் நடந்து போகும்.

இ7: இங்கே வெள்ளைக்கு இரண்டு வழி. முதலாவது 69.ராஜா டி5, சிப்பாயைக் காக்க. கறுப்பு 69...ராஜா டி7 என்று நேர் எதிரே நிற்கும். 70.இ6+ ராஜா இ7 71.ராஜா இ5 ராஜா இ8! நேர் பின்னால் போவதுதான் சரி. 72.ராஜா டி6 ராஜா டி8 அல்லது 72.ராஜா எஃப்6 ராஜா எஃப்8, அப்புறம் சிப்பாய் ஏறினால் ஒன்று ஸ்டேல்மேட், இல்லையென்றால் சிப்பாய் போச்சு. 71...ராஜா டி8 அல்லது எஃப்8 என்று ஓரமாகப் போனால் மட்டும் வெள்ளை ராஜா நேர் எதிரே (டி6 அல்லது எஃப்6) வந்து தோற்போம். இரண்டாவது வழி 69.ராஜா சி7, சுற்றி வருவது. அதற்கு 69...ராஜா இ6, சிப்பாயை எடுத்துவிடலாம். வெள்ளை ராஜா தூரத்தில் மாட்டிக்கொண்டது.

குதிரைவால்

பலகையில் வைத்து ஆடிப் பார்த்தேன், இப்போது புரிகிறது. அந்த ராஜா இ8 பின்னகர்வைத்தான் நம்ப முடியவில்லை. பின்வாங்கினால் எப்படிக் காப்பாற்றும் என்று தோன்றியது.

கடைசிநிமிடம்

வணக்கம். அந்தக் கறுப்பு ஆட்டக்காரர் நான்தான். நண்பர் ஒருவர் இந்த இழையை அனுப்பினார்.

என் மனதில் என்ன ஓடியது என்று இங்கே நிறையப் பேர் ஊகிக்கிறீர்கள். டி7-ஐத் தடுக்கத்தான் டி8 போனேன் என்பது சரியில்லை. ராஜா இ7-ஐத்தான் முதலில் பார்த்தேன். அதற்கு 69.ராஜா சி7 வந்தால், வெள்ளை ராஜா என் பக்கவாட்டில் வந்து டி7-க்குள் நுழைய விடாமல் சிப்பாயை மேலே நடத்திவிடும் என்று தோன்றியது. மனதுக்குள் சிப்பாயை ஏற்கெனவே இ6-க்கு ஏற்றிவிட்டுத்தான் அந்த நிலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் அது இன்னும் இ5-ல்தான் இருந்தது, அதைக் காக்க யாருமே இல்லை. ராஜா சி7 போனதும் ராஜா இ6 என்று சிப்பாயை எடுத்துக்கொள்ளலாம் என்பது ஆட்டம் முடிந்து நடந்துபோகும்போதுதான் உறைத்தது.

நேரம் காரணம் இல்லை. என் கடிகாரத்தில் நாலு நிமிடத்துக்கு மேல் இருந்தது. வெள்ளைக்கட்டம், உங்கள் நகர்வில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. யாரோ சொன்னதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

ஒன்றே ஒன்று. 61-வது நகர்வில் நான் டிரா கேட்டபோது நீங்கள் வாய் திறந்து பதில் சொல்லவில்லை. தலையை ஆட்டிவிட்டு யானையை எடுத்தீர்கள். அது கொஞ்சம் சுருக்கென்று இருந்தது.

வெள்ளைக்கட்டம்

நீங்களே வந்தது மகிழ்ச்சி. டிரா கேட்டபோது பதில் சொல்லாதது வேண்டுமென்றே இல்லை. அந்த நேரம் இ6 தள்ளலாமா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன், வாயைத் திறந்தால் கணக்கு கலைந்துவிடும் என்ற நிலை. அடுத்த முறை "ஆடலாம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன்.

ஆர்பிட்டர் நாற்காலி

விதிப்படி வெள்ளை செய்தது முழுக்கச் சரி. டிரா கேட்பவர் தன் நகர்வைப் பலகையில் முடித்து, கடிகாரத்தை அழுத்துவதற்கு முன் கேட்க வேண்டும். எதிராளி வாயால் மறுக்கலாம், அல்லது ஆடும் நோக்கத்தோடு ஒரு காயைத் தொட்டாலே மறுத்ததாக அர்த்தம். வாய் திறக்க வேண்டும் என்று எங்கும் இல்லை. கேட்டதை இரண்டு பேரும் ஸ்கோர் ஷீட்டில் சமக்குறி போட்டுக் குறிக்க வேண்டும். அதைத்தான் பாதிப் பேர் மறந்துவிடுகிறார்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. சும்மா சும்மா டிரா கேட்டுக்கொண்டே இருந்தால் அது எதிராளியைத் தொந்தரவு செய்வதாகக் கணக்கு, ஆர்பிட்டர் கண்டிக்கலாம். இங்கே ஒரு முறைதான் கேட்டிருக்கிறார், பிரச்சினையே இல்லை.

பக்கத்தில் நின்று கருத்துச் சொன்னவர் ஆட்டம் முடிந்த பிறகு சொன்னதால் தப்பித்தார். நடக்கும்போது சொல்லியிருந்தால் வெளியே அனுப்பியிருப்பேன்.

அப்புறம் 50 நகர்வு விதியை யாரும் எடுக்கவில்லை, நானே எடுக்கிறேன். கடைசியாகக் காய் வெட்டிய அல்லது சிப்பாய் நகர்ந்த இடத்திலிருந்து இரு பக்கமும் 50 நகர்வு ஆனால் டிரா கோரலாம். 75 ஆனால் யாரும் கோராமலே ஆட்டம் டிரா. ஆகவே வெள்ளை ஆட விரும்பினால் ஆடட்டும். விதி அதற்கான எல்லையையும் வைத்திருக்கிறது. "இது டிரா நிலை, தொடர்வது அநாகரிகம்" என்று எந்த விதியும் சொல்லவில்லை.

அரைப்புள்ளி

நாகரிகம் எல்லாம் சரி, நான் வேறு பக்கம் வருகிறேன். யானை சி6 புத்திசாலித்தனமான பந்தயமா? எனக்குச் சந்தேகம்.

யானைகள் பலகையில் இருக்கும்வரை கறுப்பு ஒவ்வொரு நகர்விலும் தவறலாம். யானையை மாற்றியதும் மொத்தப் பரீட்சையும் ஒரே கேள்வி ஆகிவிட்டது. இ7 போட்டுவிட்டால் அதற்குப் பிறகு வெள்ளை கேட்க ஒன்றுமே இல்லை. அதுவும் ராஜா-சிப்பாய் எதிர் ராஜா என்பது எல்லோரும் முதலில் படிக்கும் பாடம். 1600 ரேட்டிங்காரர் நாலு நிமிடம் வைத்துக்கொண்டு அதைத் தவறவிடுவார் என்று எதை நம்பி?

ரேட்டிங் கணக்கும் பாருங்கள். 140 புள்ளி வித்தியாசத்தில் வெள்ளையிடம் எதிர்பார்க்கப்படுவது 0.31 (வெற்றி 1, டிரா 0.5). கே எண் (ரேட்டிங் எவ்வளவு வேகமாக மாறும் என்ற அளவு) 20 என்று வைத்தால் டிரா ஆனாலே 3.8 புள்ளி ஏறும். ஜெயித்தால் 13.8. டிரா கையில் இருக்கிறது, இழக்க ஒன்றும் இல்லை. அப்படியானால் ஏன் அவசரம்? ஐம்பது நகர்வு வரை நச்சரித்துவிட்டுக் கடைசியில் யானை சி6 போட்டிருக்கலாமே.

எண்ட்கேம் பைத்தியம்

அரைப்புள்ளி சொல்வதில் பாதி சரி. ஆனால் ஃபிலிடோர் நிலையில் நச்சரிப்பது எவ்வளவு வீண் என்று யோசியுங்கள். கறுப்புக்குச் செய்ய வேண்டியது யானையை ஆறாம் வரிசையில் பக்கவாட்டில் நகர்த்துவது மட்டும். அதில் எதை யோசிப்பார்? நகர்வுக்கு 30 விநாடி கூடுவதால் கடிகாரமும் தீராது. இருபது நகர்வு போனால் அவருக்கு இன்னும் தெம்புதான் வரும்.

யானை சி6-ன் சிறப்பு இதுதான். அதுவரை யோசிக்காமல் ஆடிக்கொண்டிருந்தவரை முதல் முறையாக யோசிக்க வைத்தது. ஆறாம் வரிசையில் நின்ற யானையை இனி அங்கே வைத்திருக்க முடியாது. வெட்ட வேண்டும், அல்லது வரிசையை விட்டு விலக வேண்டும். மனப்பாடம் செய்த பாடம் அந்த நகர்வோடு முடிந்துவிட்டது. கடைசிநிமிடம் எழுதியதைப் படித்த பிறகு முதலில் நான் சொன்ன கருத்தை முழுக்கக் கைவிடுகிறேன். இது மலிவான தந்திரம் இல்லை.

அரைப்புள்ளி

வெட்டாமல் விலகினால் என்ன ஆகும்? யாரும் அதைப் பார்க்கவில்லை. 67...யானை ஏ1 என்று வைப்போம்.

ஏழாம்வரிசை

67...யானை ஏ1 68.ராஜா இ6. இப்போது யானை சி8 மேட் என்று மிரட்டல் இருக்கிறது. கறுப்பு 68...ராஜா எஃப்8 போக வேண்டும், டி8 பக்கம் போகக் கூடாது. சிப்பாய் இ வரிசையில் இருப்பதால் எஃப், ஜி, எச் என்று மூன்று வரிசை உள்ள பக்கம் குட்டைப் பக்கம், ஏ முதல் டி வரை நீளப் பக்கம். ராஜா குட்டைப் பக்கம் ஒதுங்க வேண்டும், யானை நீளப் பக்கத்தில் தூரத்தில் நின்று பக்கவாட்டில் செக் கொடுக்க வேண்டும். 69.யானை சி8+ ராஜா ஜி7 என்று போகும். இன்னும் டிராதான். ஆனால் இங்கே கறுப்பு பல நகர்வுகளுக்குத் தொடர்ந்து சரியாக ஆட வேண்டும். யானை×சி6-க்குப் பிறகு இரண்டு மூன்று ராஜா நகர்வுகள் தெரிந்தால் போதும், ஆட்டம் முடிந்தது.

என்னைக் கேட்டால் நானும் வெட்டியிருப்பேன்.

மூன்றாம்பலகை

இன்ஜின் (சதுரங்கக் கணினி நிரல்) இந்த நிலை முழுவதற்கும் 0.00, அதாவது சமம், என்றுதான் காட்டுகிறது. இப்படிக் காட்டுவதால்தான் அமெச்சூர் ஆட்டக்காரர்களுக்குக் கெட்ட பழக்கம் வந்துவிட்டது. 0.00 பார்த்தால் "ஒன்றுமில்லை, டிரா" என்று மூடிவிடுகிறார்கள். ஐந்து காய், அதாவது ராஜாக்களையும் சேர்த்து ஐந்து காய் உள்ள நிலை எல்லாமே டேபிள்பேஸில் முழுக்கத் தீர்க்கப்பட்டவை. ஏழு காய் வரைக்கும்கூட இப்போது கணக்கிட்டாயிற்று. அது சொல்வது இரண்டு பக்கமும் பிழையில்லாமல் ஆடினால் என்ன ஆகும் என்பதை. எதிரே உட்கார்ந்திருக்கும் மனிதர் என்ன ஆடுவார் என்பது அதற்குத் தெரியாது.

2013 உலக சாம்பியன் போட்டியில் கார்ல்சன் ஆனந்தை 5-வது, 6-வது ஆட்டங்களில் வென்றதும் யானை முடிவாட்டத்தில்தான். 6-வது ஆட்டத்தில் கடைசிக் கட்டம் வரை டிரா கையில் இருந்தது. உலக சாம்பியனாக இருந்தவருக்கே அப்படி நடக்கும்போது, 1600-க்கும் 1480-க்கும் நடுவில் "டிரா நிலை" என்ற சொல்லுக்கு என்ன மதிப்பு?

கார்ல்சனை யாரும் ஏமாற்றுக்காரர் என்று சொல்லவில்லை. அமெச்சூர் ஆள் அதையே செய்தால் மட்டும் மூக்கைச் சுளிக்கிறார்கள்.

கடைசிநிமிடம்

ஆனந்தோடு என்னை ஒப்பிட்டதற்கு நன்றி. இன்று இதைவிட நல்ல ஆறுதல் கிடைக்காது.

தூரத்துயானை

தலைப்பிலிருந்து கொஞ்சம் விலகுகிறேன், மன்னிக்கவும். அந்தத் தொடக்கம் யாருக்காவது ஞாபகம் வருகிறதா? 1970-ல் பெல்கிரேடில் சோவியத் ஒன்றியத்துக்கும் உலகின் மற்ற நாடுகளுக்கும் நடந்த போட்டியில் முதல் சுற்றில் ஃபிஷர் பெட்ரோசியனுக்கு எதிராக இதே 7.ராணி பி3 வரை ஆடினார். பெட்ரோசியன் 7...குதிரை ஏ5 என்று போக, 8.ராணி ஏ4+ மந்திரி டி7 9.ராணி சி2 என்று ராணி நல்ல இடத்தில் வந்து அமர்ந்தது. ஃபிஷர் ஜெயித்தார். கடைசிநிமிடம் ஆடிய 7...ராணி டி7 அதைவிட உறுதியானது என்பது என் கருத்து.

பரிமாற்ற வகை என்றால் சப்பென்ற ஆட்டம் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். சி, இ வரிசைகள் பாதி திறந்திருக்கின்றன, இ5-ல் குதிரைக்கு ஒரு வீடு இருக்கிறது. சப்பென்று ஆக்குவது ஆடுகிறவர்கள்தான்.

வெள்ளைக்கட்டம், 12-வது நகர்வில் ராணி×பி7 யோசித்தீர்களா?

வெள்ளைக்கட்டம்

யோசித்தேன். யானை பி8-க்கு வந்து என் ராணியைத் துரத்தும், அப்புறம் பி2 அவருக்கு. நான் இன்னும் கோட்டை கட்டவில்லை. ஒரு சிப்பாய்க்காக அந்தத் தலைவலி வேண்டாம் என்று 0-0 ஆடிவிட்டேன்.

அரைப்புள்ளிக்குப் பதில்: ஏன் அவசரம் என்று கேட்டீர்கள். நான் ஏழாம் வரிசையில் யானையை நகர்த்திக்கொண்டிருந்தபோது அவர் என் நகர்வு முடிவதற்குள் தன் யானைமேல் கையைக் கொண்டுபோக ஆரம்பித்திருந்தார். பழகிவிட்டார். அதே வேகத்தில் அடுத்ததையும் ஆடுவார் என்று எதிர்பார்த்தேன். யானையை உடனே வெட்டினார், எதிர்பார்த்தபடி. ஆனால் ராஜாவைத் தொடுவதற்கு முன் ரொம்ப நேரம் யோசித்தார். அந்த நேரத்தில் எனக்கு இ7 நன்றாகத் தெரிந்துகொண்டிருந்தது. முகத்தில் எதையும் காட்டாமல் ஸ்கோர் ஷீட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அரைப்புள்ளி

இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் வாதாடியிருக்கவே மாட்டேன். எதிராளி யோசிக்காமல் ஆடத் தொடங்கிய அந்த நேரத்தில் நிலையை மாற்றியிருக்கிறீர்கள். அது நல்ல முடிவு. ஆனால் அவர் கடைசியில் நின்று யோசித்தார் என்கிறீர்கள், ஆகவே திட்டம் பாதிதான் பலித்தது, மீதி அதிர்ஷ்டம். இந்த அளவுக்கு நான் விட்டுக்கொடுக்கிறேன், இதற்கு மேல் இல்லை.

ஏழாம்வரிசை

சரி, எல்லோரும் ராஜா நகர்வு படித்துவிட்டோம் என்று தெரிந்துகொள்ள ஒரு சின்னக் கணக்கு. அதே நிலையை முழுக்க ஒரு வரிசை கீழே இறக்குகிறேன்.

வெள்ளை: ராஜா சி5, சிப்பாய் இ4
கறுப்பு: ராஜா இ7, நகர்வு கறுப்புக்கு

இப்போது கறுப்புக்கு இன்னும் நிறையக் கட்டங்கள் உண்டு. எது டிரா? டேபிள்பேஸ் பார்க்காமல் சொல்ல வேண்டும். பைத்தியம் சாருக்குத் தடை.

மூன்றாம்பலகை

ராஜா டி7? வெள்ளை ராஜாவை டி6-க்கு விடக் கூடாது.

குதிரைவால்

டி7 இல்லை. 1...ராஜா டி7 2.ராஜா டி5 என்று நேர் எதிரே வந்து நின்றுவிடும், நகர்வு கறுப்புக்கு. 2...ராஜா இ7 என்றால் 3.ராஜா இ5, அப்புறம் ஆறாம் வரிசைக்கு ஏறிவிடும்.

என் விடை ராஜா இ6. சிப்பாய்க்கு நேர் எதிரே, நடுவில் ஒரு கட்டம் விட்டு. 2.ராஜா டி4 ராஜா டி6 3.இ5+ ராஜா இ6 4.ராஜா இ4 ராஜா இ7, நேர் பின்னால். 2.ராஜா சி6 என்று சுற்றினால் ராஜா இ5, சிப்பாய் காலி.

ஏழாம்வரிசை

சரியான விடை. வேறு எந்தக் கட்டமும் காப்பாற்றாது. ராஜா எஃப்6 என்று சிப்பாயை நெருங்கினாலும் 2.ராஜா டி6 வந்துவிடும். மூன்றாம்பலகை, இன்ஜினை மூடிவிட்டு இன்னொரு முறை பலகையில் வையுங்கள்.

கடைசிநிமிடம்

குதிரைவால் எந்தப் போட்டிக்கு வருகிறார் என்று யாராவது முன்கூட்டியே சொல்லுங்கள். அங்கே நான் யானையை மாற்றப் போவதில்லை.